குங்குமம் வைத்த பட்டன்

என் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கீபோர்டு தொங்குகிறது. ஒயர் பாதியில் அறுந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்பார்கள். மேல்படிப்புக்குப் போயிருக்கிறது என்பேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் வீட்டில் கீபோர்டு தொங்குவது, வழுக்கைத் தலையன் வீட்டில் சீப்பு தொங்குவது மாதிரிதான். கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்துகளின் மேல் வரிசையில் ஐந்தாவது பட்டனில், சிலுவை போன்ற ஒரு எழுத்தின் மேல், காய்ந்து கறுத்த குங்குமப் பொட்டு தெரியும். அதை வைத்தவள் என் மனைவி. அந்தப் பட்டனுக்கு வேலை கொடுத்தது, நேரில் தாயி என்றும் மற்றவர்களிடம் எஞ்சினியரம்மா என்றும் நான் சொல்லிப் பழகிய ஒரு பெண்.

எங்களுக்கு ஊர் கமுதிக்கு மேற்கே. மிளகாய்க் காட்டில் கூலி வேலை. மழை தொடர்ந்து ஏமாற்றிய காலத்தில், ராமேஸ்வரம் போகிற வழியில் அக்காள்மடத்தைத் தாண்டிக் கடலோரமாக ஒரு கம்பெனி நட்டிருந்த கோபுரத்துக்கு நான் காவல்காரனாகப் போனேன். காற்றாலை வைக்க முடியுமா என்று பார்ப்பதற்காகக் காற்றை அளக்கும் கோபுரம் அது. அங்கே திருடிக்கொண்டு போகக் காற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நான் இருந்தவரை காற்றை யாரும் திருடவில்லை. ஆகவே நல்ல காவல்காரன் என்று என்னை நானே சொல்லிக்கொள்ளலாம். கோபுரத்து உச்சியில் சுற்றும் கிண்ணங்களிலிருந்து ஒயர் இறங்கிக் கீழே கொட்டகைக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வரும். அது காற்றின் வேகத்தை எழுதி வைக்கும். தினமும் காலையில் சென்னை ஆபீசிலிருந்து ஃபோன் அடிப்பார்கள். நாலாவது மணியில் மெஷினே ஃபோனை எடுத்துக் கீச்கீச்சென்று கத்தி, எழுதி வைத்ததையெல்லாம் ஒப்பித்துவிடும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே எனக்கு இரண்டு கட்டளைகள் சொன்னார்கள். அந்த ஃபோனைத் தொடக் கூடாது. அந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. முதல் கட்டளையை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன்.

மெஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கல்லாகிவிடும். முகப்பில் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கு, சிமிட்டுவதை நிறுத்திவிட்டு முறைத்துப் பார்க்க ஆரம்பிக்கும். நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகு என்று முன்பு வந்துபோன ஒரு டெக்னீஷியன் சொல்லியிருந்தார். அதையே செய்துவந்தேன். பிளக்கைப் பிடுங்கியதும் மெஷின் நின்றதற்கான காரணமும் அதோடு அழிந்துபோகும் என்பது எனக்குத் தெரியாது. சென்னையில் மேனேஜர் ஒருவர் பழைய பதிவுகளை எடுத்து வைத்து யோசித்திருக்கிறார். மெஷின் பெரும்பாலும் வாரத்தில் ஒரே கிழமையில்தான் நிற்கிறது. கிழமை பார்த்து நிற்க மெஷினுக்குப் பஞ்சாங்கம் தெரியாது, மனுசனுக்குத்தான் தெரியும். எனவே காவல்காரன்தான் அன்றைக்கு டிவியோ அடுப்போ எதையோ சொருகி மெஷினைக் கெடுக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார். என்னை வீட்டுக்கு அனுப்பும் முன்பு, பேருக்கு ஒருமுறை மெஷினைப் பார்த்துவிடலாம் என்றுதான் எஞ்சினியரம்மாவை அனுப்பினார்கள். அந்த விஷயத்தை வந்த முதல் நாளே அவர் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

“அண்ணே, ஒங்க மேல தப்புன்னு எழுதித் தரச் சொல்லி அனுப்பியிருக்காக. நான் பாக்காம எழுத மாட்டேன்.”

“பாத்துட்டு எழுது தாயி. எழுத்து மட்டும் நல்லா இருக்கட்டும்.”

பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டேன், நம்ம பக்கத்துப் பிள்ளை என்று. அவருடைய அய்யாவுக்கும் மிளகாய்க் காடுதான். என்ன, நாங்கள் பறிக்கிற ஆட்கள், அவர்கள் பறிக்கச் சொல்கிற ஆட்கள். இருந்தாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டார். நான் போட்ட கடுங்காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார். அதற்கே அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

வியாதி கெர்னலில் இருக்கலாம் என்றார். கெர்னல் என்றால் என்ன என்று கேட்டேன்.

“நம்ம ஊர்க் கம்மாய்க்கு நீர்பாய்ச்சி இருப்பாருல்லண்ணே, அவருதான். மெஷினுக்குள்ள எத்தனை ப்ரோகிராம் இருந்தாலும், யாருக்கு எப்பத் தண்ணின்னு அவருதான் மடையத் தொறந்து விடணும். அவரு சாஞ்சுட்டா அத்தனை பேரும் வாய்க்கால்ல நிக்க வேண்டியதுதான்.”

“எங்க ஊரு நீர்பாய்ச்சி கள்ளக் குடிச்சுட்டுச் சாய்வாரு. இவருக்கு என்ன கேடு?”

“அதுக்குத்தான் தடம் பாக்கணும். தடம் பாக்க மொத மணல் பரப்பணும். அப்பத்தான் யாரு எங்கிட்டு நடந்தாகன்னு பதியும்.”

மணல் பரப்புவது இப்படி. அவருடைய மடிக்கணினியில் நீலத் திரை ஒன்று வரும். அதன் நடுவே சாம்பல் நிறக் கட்டத்துக்குள் வரிவரியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு காலி அடைப்பு. நீளப் பட்டனைத் தட்டினால் அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் விழும். நட்சத்திரம் இருந்தால் அந்த வசதி கெர்னலுக்குள் சேரும்; இல்லாவிட்டால் இல்லை. நினைவகத்தில் யாராவது எல்லை தாண்டினால் சொல்ல ஒரு வரி. பூட்டுகளைக் கவனிக்க ஒரு வரி. எந்த வேலை எந்த வேலையைக் கூப்பிட்டது என்று தடம் வைக்க ஒரு வரி. எனக்கு அந்த எழுத்துகள் ஒன்றும் புரியாது. நட்சத்திரங்களை மட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்த வேகத்தில் அவர் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டார். திரையில் தீபாவளி மாதிரி இருந்தது. அதன் பிறகு மூன்று மணி நேரம் மடிக்கணினி வரிகளாகக் கக்கிப் புதுக் கெர்னல் ஒன்றைச் செய்து கொடுத்தது.

பத்து நாள் மெஷின் நிற்கவில்லை. ஆனால் முழங்கால் மணலில் வண்டி இழுக்கும் மாடு மாதிரி ஆகிவிட்டது. கோபுரத்தில் கிண்ணம் சுற்றுகிற சுற்றில் பாதியை எழுதாமல் விட்டது. “இப்படியே விட்டா ராமேஸ்வரத்துல காத்தே அடிக்கலன்னு எழுதும்ணே. மணல் சாஸ்தியாப் போச்சு, ஆளு மெதுவா நடக்குறாரு, அதுனாலதான் விழ மாட்டேங்குறாரு போல” என்றார். நியாயமான யோசனைதான். அதே பத்து நாளும் என் மனைவி தீர்த்தமாட வந்து கொட்டகையில் என்னோடு தங்கியிருந்தாள் என்பதை அந்த யோசனையோடு சேர்த்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் நட்சத்திரங்களை எல்லாம் அழித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்தார். ஒன்று, கெர்னல் முனகுகிற ஒவ்வொரு வார்த்தையையும் உடனுக்குடன் பழைய ஊசி பிரிண்டரில் காகிதத்தில் அடித்துவிடுவது. நின்றுபோன மெஷின் டிஸ்கில் எதையும் எழுதாது. காகிதத்தில் விழுந்தது மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது, என்னுடைய பட்டன். மெஷின் கல்லானாலும், ஆல்ட் பட்டனையும் வலது ஓரத்தில் இருக்கும் இன்னொரு பட்டனையும் அமுக்கிக்கொண்டு சிலுவை எழுத்தைத் தட்டினால், உள்ளே யார் யார் எங்கே எங்கே நிற்கிறார்கள் என்று கெர்னல் மொத்தத்தையும் கொட்டிவிடும். அவர் சாப்பிட டவுனுக்குப் போகிற நேரத்தில் மெஷின் நின்றால் நான்தான் தட்ட வேண்டும்.

“சிலுவைய மட்டும் தட்டுங்க. கீழ ரெண்டு தொப்பை வச்ச எழுத்து ஒண்ணு இருக்கு பாருங்க, அதத் தட்டிறாதீக. மெஷின் செத்துப் பொறந்துரும், தடம் பூராம் போயிரும்.”

உப்புக் காற்றில் எழுத்துகள் பாதி அழிந்து கிடந்தன. என் கையோ நாதஸ்வரம் பார்த்த ஆட்டுக்குட்டி மாதிரி எங்கெங்கோ போனது. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள். “இந்தக் கட்டதான?” என்று கேட்டு ஒரு பொட்டு வைத்தாள். “இனிமேயாவது ஒழுங்காத் தட்டுங்க. பொட்டு வச்ச எடம் ஒங்களுக்குத் தெரியும்ல?” என்றாள். எஞ்சினியரம்மா காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் மனைவியை பஸ் ஏற்றிவிட்டேன். மத்தியானம் எஞ்சினியரம்மா டவுனுக்குப் போயிருந்தார். ஃபோன் இரண்டு மணி அடித்து நின்றது. எனக்கு நிம்மதி, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதுதான் எங்கள் ஏற்பாடு. சந்தை நாளில் கமுதிக்குப் போகும்போது பூத்திலிருந்து இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவாள். ஒரு தடவை வந்தால் சுகம். அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் மழை. யாரும் எடுக்காத காலுக்குப் பைசா கிடையாது. நான் ஃபோனைத் தொடுவதும் கிடையாது; கட்டளையை மீறவில்லை. கொடுக்கக் கூடாத நம்பரைக் கொடுத்தது மட்டும்தான் பாக்கி. நிம்மதியோடு திரும்பிப் பார்த்தால் சிவப்பு விளக்கு முறைத்துக்கொண்டிருக்கிறது.

பொட்டு வைத்த பட்டனைத் தட்டினேன். பிரிண்டர் பிலாக்கணம் வைக்க ஆரம்பித்து, காகிதம் ஓரத்து ஓட்டைகளோடு தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மெதுவாக எனக்குள் ஒன்று விழுந்தது. மேனேஜர் சொன்ன அந்தக் கிழமை எங்கள் சந்தைக் கிழமை. அவள் இங்கே இருந்த பத்து நாளும் மெஷின் நிற்கவில்லை. எல்லாச் சந்தை நாளும் நின்றதில்லை என்பதால் நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. அந்த மேனேஜரை இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரிதான். மனுசக் கைதான் காரணம். கையில் வளையல் போட்டிருந்ததுதான் அவருக்குத் தெரியாது.

எஞ்சினியரம்மா வந்து காகிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டு வேலை ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்குதுண்ணே. ஒண்ணு காத்தப் படிக்கிறது, இன்னொண்ணு ஃபோனப் பாக்குறது. இங்கன யாரும் ஃபோன் அடிச்சாகளா?”

“இல்ல தாயி.”

இவ்வளவு சின்னப் பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை; பெரிது பெரிதாகத்தான் சொல்லிப் பழக்கம். அந்த ‘இல்ல’யை நம்பி அவர் இரண்டு நாள் பாழாக்கினார். சென்னையில் சொல்லி ஃபோன் அடிக்கச் சொல்வார். நாலாவது மணியில் மெஷின் எடுக்கும், கத்தும், வைக்கும். ஒன்றும் ஆகாது. மறுபடி அடிக்கச் சொல்வார். நட்சத்திரம் போட்டார், அழித்தார், வேறு வரியில் போட்டார். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், ரோட்டுக்குப் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் தன் செல்ஃபோனில் மேனேஜரோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தார். தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்குச் சாயந்தரம் கடைசின்னு சொல்லிட்டாரு. மெஷின்ல தப்புன்னு காட்ட முடியலன்னா ஆள மாத்திருவாகளாம். ஒங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியுதுண்ணே. நிரூபிக்கத்தான் தெரியல. மன்னிச்சுக்கங்க.”

என்னிடம் அதுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தத் தொழில் எப்போதும் என்னுடையது. எனக்கு அந்த வேலை வேண்டும். ஊரில் காடு காய்ந்து கிடந்தது. திரும்பிப் போனால் அந்த வருஷம் என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. உண்மையைச் சொன்னால் நம்பரைக் கொடுத்த குற்றத்துக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் செய்யாத குற்றத்துக்குப் போகும். எப்படியும் போகிற வேலை, செய்த குற்றத்துக்கே போகட்டும், அந்தப் பிள்ளையாவது சோற்றைச் சாப்பிடும் என்று தோன்றியது.

“தாயி, ஃபோன் வந்துச்சு. எம் பொண்டாட்டி. ரெண்டு மணி அடிச்சு வச்சா. வாராவாரம் அடிப்பா.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து நின்று, “மிஸ்டு காலா?” என்று கேட்டார். ஏதோ புதையல் கிடைத்த முகம். “மணி அடிச்சு, எடுக்குறதுக்குள்ள நின்னுபோயிருக்கு! அந்த வழியச் சென்னைல எவனும் சோதிச்சுப் பாத்திருக்க மாட்டான். ஆபீஸ்ல யாருண்ணே மிஸ்டு கால் குடுப்பா?”

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கிணற்றடியில் ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தேடுகிறாள். இன்னொருத்தி கயிற்றை எடுத்துக்கொண்டு குடத்தைத் தேடுகிறாள். இரண்டு பேரும் கையில் இருப்பதைக் கீழே வைக்க மாட்டார்கள். காற்றைப் படிக்கிற வேலை எப்போதும் குடத்தை முதலில் எடுக்கும். ஃபோன் வேலையும் வழக்கமாக அப்படித்தான். ஆனால் மணி பாதியில் நின்றுபோனால் மட்டும் அவசரத்தில் கயிற்றை முதலில் எடுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே நொடியில் வந்து சேர்ந்தால் நீர்பாய்ச்சி கல்லாகிவிடுவார். சேராத நாளில் தப்பித்துக்கொள்வார். என் மனைவியும் அவளுடைய ஓரகத்தியும் இப்படி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். “அப்ப ஒங்களுக்குக் கெர்னல் தெரியும்ணே” என்றார்.

இந்த முறை ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கூடுதலாகப் போட்டார். பூட்டுகளை, அதாவது அந்தக் குடத்தையும் கயிற்றையும், கவனிக்கிற வரி. அது செத்த பிறகு சொல்வதில்லை. யார் எதை முதலில் எடுத்தார்கள் என்று ஞாபகம் வைத்திருந்து, இந்த இருவரும் ஒருநாள் சேர்ந்து வந்தால் விளங்காது என்று விழும் முன்பே சொல்லிவிடும். பத்து நாள் அந்த நட்சத்திரமும் இருக்கத்தான் செய்தது. மிஸ்டு கால்தான் வரவில்லை. கெர்னல் தயாரானதும், மறுநாள் காலையில் ரோட்டுக்குப் போய் அவருடைய செல்ஃபோனில் கமுதி பூத்துக்கு அடித்து, மனைவியை வரச் சொல்லிப் பேசினேன்.

“பத்து மணிக்கு மேல அடி. ரெண்டு மணி அடிச்சு வை. திரும்ப அடி. நான் போதும்ங்கற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு.”

“ஏங்க, ஒரு தடவ அடிச்சாச் சுகம், ரெண்டு தடவ அடிச்சா மழை. அடிச்சுக்கிட்டே இருந்தா என்னா, ஊரு வெள்ளத்துல போச்சா?”

“எம் வேலைக்கு ஆகுது, அடி.”

“ஒங்க வேலைக்கு நான் அடிக்கணுமா? சரி, அடிக்கிறேன்.”

முதல் மிஸ்டு காலிலேயே பிரிண்டர் அலறிவிட்டது. எஞ்சினியரம்மா காகிதத்தைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குடம், கயிறு, கயிறு, குடம் என்று நாலு வரியில் எல்லாம் இருந்தது. “கெடச்சிருச்சுண்ணே!” என்றார். ஆனால் கமுதியில் இருக்கிறவளுக்கு யார் போதும் என்று சொல்வது? எங்கள் ஃபோனைத் தொடக் கூடாது; அது முதல் கட்டளை. ரோட்டுக்கு ஓடிப்போய் அடித்தால் பூத்து ஃபோன் பிஸி. அவள்தான் அடித்துக்கொண்டிருக்கிறாளே. சொன்ன சொல் தவறாதவள். ஒன்பதாவது தடவையில், எதற்கும் இருக்கட்டும் என்பது போல, மெஷின் நிஜமாகவே கல்லானது. அதன் பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பூத்துக்காரர், “எம்மா, நீ பேசவும் மாட்டேங்குற, எந்திரிக்கவும் மாட்டேங்குற” என்று ரிசீவரைப் பிடுங்கி வைத்த பிறகுதான் நின்றதாம்.

சாயங்காலத்துக்குள், ஃபோனையும் கிண்ணங்களையும் கவனிக்கக் கம்பெனி எழுதி வைத்திருந்த டிரைவர் என்கிற ப்ரோகிராமில் எடுக்கும் வரிசையை மாற்றி அமைத்தார். மணி நின்றாலும் நிற்காவிட்டாலும் இனிக் குடம்தான் முதலில். பிறகு அறிக்கை எழுதி, தமிழில் எனக்குச் சொன்னார். எடுக்கப்படாமல் நின்றுபோகும் அழைப்பால் வரும் பிழை என்று எழுதியிருந்தார். யாருடைய அழைப்பு என்று எழுதவில்லை. “அது கெர்னலுக்குத் தேவையில்லாத விசயம்ணே” என்றார். மெஷின் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக, பரப்பிய மணலை எல்லாம் கூட்டித் தள்ளுகிற மாதிரி நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அழித்தார். என் பட்டனுக்கான நட்சத்திரத்தில் வந்து கை நின்றது.

“இத விட்டுட்டுப் போறேன். இது சும்மா இருந்தாப் பாரமில்ல. திரும்ப நின்னுச்சுன்னா தட்டுறதுக்கு ஆளு வேணும்ல? தட்டத் தெரிஞ்ச ஆள மாத்தக் கூடாதுன்னு அறிக்கைல எழுதியிருக்கேன்.”

மேனேஜர் அதை ஒப்புக்கொண்டார். ஒரு நட்சத்திரத்தின் தயவில் என் வேலை தங்கியது. எஞ்சினியரம்மா அன்றைக்கே ரயிலேறினார். மறுநாள் மத்தியானம் கொட்டகை ஃபோன் அடித்தது. சந்தை நாள் இல்லை. சென்னை அடிக்கிற காலை நேரமும் இல்லை. நான் ஓடிப்போய் ஒரு கையை ஆல்ட்டிலும் ஓரத்துப் பட்டனிலும், ஒரு விரலைக் குங்குமத்துக்கு மேலேயும் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி அடித்து நின்றது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. கடைசி சோதனையும் அதுதான், வந்து சேர்ந்துவிட்டேன் என்கிற தகவலும் அதுதான் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

மெஷின் பிறகு நிற்கவே இல்லை. தட்டத் தெரிந்த ஆளாக, ஒருமுறைகூடத் தட்டாமல், சம்பளம் வாங்கினேன். அளவெடுத்து முடிந்து கோபுரத்தைக் கழற்றிய அன்றைக்கு, தூக்கிப் போட வைத்திருந்த சாமான்களிலிருந்து கீபோர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒயரை யாரோ ஏற்கெனவே அறுத்திருந்தார்கள்.

இப்போது என் மனைவியின் இடுப்பில் செல்ஃபோன் இருக்கிறது. பேசக் காசும் இருக்கிறது. ஆனாலும் காட்டிலிருந்து மிஸ்டு கால்தான் கொடுப்பாள். இன்றைக்கு மத்தியானம் அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்து நின்றது. அங்கே தூறல் விழுகிறது. பழக்கதோஷத்தில் எழுந்து சுவர்ப் பக்கம் போய் ஐந்தாவது பட்டனை அமுக்கினேன். உள்ளே போய்த் திரும்பி வந்தது. விரலைப் பார்த்தேன். குங்குமம் ஒட்டவில்லை.